எண்ணிப் பார்த்தாயா?

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் புள்ளியியல் துறை முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, "சார், மாணவர்களுக்குப் பயன்படுகிற மாதிரி ஒரு இருபது நிமிஷம் பேசணும்" என்றார். எதைப் பற்றி என்று கேட்டேன். "உங்க அனுபவத்தையே பேசுங்க" என்றார். என் அனுபவத்தில் மாணவர்களுக்குப் பயன்படக் கூடியது ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது விடுதி அறையில், சீட்டு விளையாட்டில் கிடைத்தது. முதல்வர் அவர்கள் மன்னிக்க வேண்டும். நடந்தது 1979-ல். அன்றைய வார்டன் இப்போது இல்லை என்ற தைரியத்தில் சொல்கிறேன்.

நான் பி.எஸ்சி. புள்ளியியல் மூன்றாம் ஆண்டு. என் அறைத்தோழன் கணிதம். அவன் பெயரைச் சொல்ல மாட்டேன். இந்த அரங்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான். கதையைச் சொல்ல அனுமதி கொடுத்தவன், பெயரைச் சொல்லக் கொடுக்கவில்லை. அவனுடைய அப்பா தறி நெய்பவர். மாதாமாதம் மணியார்டர் வரும். வந்த பணத்தில் மெஸ் பில்லைக் கட்டிவிட்டு, மிச்சத்தை ஒரு நோட்டில் எழுதி வைப்பான். அப்படிப்பட்ட பையன்.

எங்கள் மாடியில் ஒரு சீட்டுக்கட்டு இருந்தது. யார் வாங்கியது என்று யாருக்கும் தெரியாது. மேஜைக்கால் ஆடாமல் இருக்க மடித்து வைத்தது, புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்தது என்று சின்னச் சீட்டுகள் பல காணாமல் போயிருந்தன. அதனால் எங்கள் சீனியர்கள் ஒரு வேலை செய்தார்கள். இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்ற சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். ஆறிலிருந்து ஏஸ் வரை, ஒன்பது எண், நாலு இனம், மொத்தம் 36 சீட்டு. சின்னச் சீட்டுகளை எடுத்துவிட்டு ஆடுவது ஒன்றும் புதிதல்ல. 28 என்றும் 304 என்றும் ஆடுகிறார்களே, அதெல்லாம் 32 சீட்டு ஆட்டம்தான். ஆனால் எங்கள் மாடியில் ஆடியது அதல்ல. மூணு சீட்டு.

தெரியாத மாணவர்களுக்காகச் சொல்கிறேன். ஆளுக்கு மூன்று சீட்டு. மூன்றும் ஒரே எண்ணாக வந்தால் அதுதான் உச்சம். அடுத்தது ஒரே இனத்தில் வரிசையாக மூன்று, அதாவது ப்யூர் சீக்வென்ஸ். பிறகு இனம் கலந்த சீக்வென்ஸ். பிறகு கலர், அதாவது வரிசை இல்லாமல் ஒரே இனம். பிறகு ஜோடி. ஒன்றும் இல்லையென்றால் பெரிய சீட்டு. போக்கரின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஆட மாட்டேன். நான் அதைவிட மோசம். பின்னால் நின்று யோசனை சொல்வேன். நிகழ்தகவுப் பாடம் அப்போதுதான் முடிந்திருந்தது. 52 சீட்டில் மூன்றை எடுக்க 22,100 வழி, அதில் சீக்வென்ஸ் 720, ப்யூர் சீக்வென்ஸ் 48, மூன்றும் ஒன்று 52 என்று எல்லாம் மனப்பாடம். சீக்வென்ஸோ அதற்கு மேலோ ஒருவன் கைக்கு வர 22,100-க்கு 820, அதாவது நூற்றுக்கு நாலுகூட இல்லை. மாடியில் என்னைக் 'கணக்குப்புலி' என்பார்கள். அந்தப் பட்டம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஒரு சனிக்கிழமை ராத்திரி. ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். என் அறைத்தோழன் அன்றைக்குத்தான் முதல் தடவையாக, ஆள் குறைகிறது என்று இழுத்து உட்கார வைக்கப்பட்டவன். அவன் கைக்கு எட்டு, ஒன்பது, பத்து வந்தது. இனம் கலந்த சீக்வென்ஸ். என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் அவன் காதில், "ஏத்துடா. நூறு பேருக்குக் கொடுத்தா நாலு பேருக்குக்கூட இப்படி வராது. பயப்படாத" என்றேன்.

அவன் ஏற்றினான். எதிரில் இருந்த சீனியரும் ஏற்றினார். மற்றவர்கள் சீட்டைக் கவிழ்த்துவிட்டார்கள். பையில் இருந்தது தீர்ந்ததும் இவன் மறுபடி என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன். பரீட்சைக் கட்டணத்துக்கு என்று தனியாக மடித்து வைத்திருந்த நாற்பத்தைந்து ரூபாயை எடுத்து வைத்தான். சீனியர் காட்டினார். ஜாக்கி, ராணி, ராஜா.

அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து போய்ப் படுத்துக்கொண்டான். கட்டணம் கட்டக் கடைசி நாள் புதன்கிழமை. ஊருக்கு எழுதிக் கேட்க முடியாது. கேட்டாலும் அங்கே இல்லை. திங்கட்கிழமை காலையில் என் கைக்கடிகாரத்தைக் கொண்டுபோய் அடகு வைத்தேன். எச்.எம்.டி. கடிகாரம். கல்லூரியில் இடம் கிடைத்ததற்கு என் அப்பா வாங்கித் தந்தது. பணத்தைக் கட்டினோம். அவன் பரீட்சை எழுதினான். கடிகாரத்தை என்னால் மீட்க முடியவில்லை.

விஷயம் எப்படியோ எங்கள் பேராசிரியர் காதுக்குப் போய்விட்டது. துறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். கால் நடுங்கப் போனேன். அவர் சத்தம் போடவில்லை. "என்ன கணக்கு சொன்ன?" என்று மட்டும் கேட்டார். 22,100-ல் 820 என்று ஒப்பித்தேன். கேட்டுக்கொண்டார்.

"கட்டுல எத்தனை சீட்டு?"

"ஐம்பத்திரண்டு சார்."

"எண்ணிப் பாத்தியா?"

அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. அந்தக் கட்டில் 36 சீட்டுதான் என்பது மாடியில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் தெரிந்ததும் கணக்கும் என் தலைக்குள் வேறு வேறு அறையில் இருந்தன. அவர் ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, "உக்காந்து எண்ணிட்டுப் போ" என்றார். சாயங்காலம் வரை எண்ணினேன்.

36-ல் மூன்றை எடுக்க 7,140 வழி. மூன்றும் ஒன்று: எண் ஒன்பது, நாலில் மூன்றை எடுக்க நாலு வழி, ஆக 36. சீக்வென்ஸ் ஏஸ்-6-7-இல் தொடங்கி ராணி-ராஜா-ஏஸ் வரை எட்டு விதம். ஒரே இனத்தில் என்றால் எட்டு நாலு 32. இனம் கலந்தது எட்டு பெருக்கல் 64, அதில் அந்த 32 போக, 480. கலர் 304. ஜோடி 1,728. ஒன்றும் இல்லாதது 4,560. எல்லாம் கூட்டினால் 7,140 சரியாக வரும்.

இப்போது பாருங்கள். சீக்வென்ஸோ அதற்கு மேலோ வருவது 36, 32, 480, மொத்தம் 548. 7,140-க்கு 548 என்றால் நூற்றுக்கு ஏழே முக்கால் ஆகிவிட்டது. நான் சொன்னதுபோல இரண்டு மடங்கு. எதிரில் ஆறு பேர். ஆறு பேரில் ஒருவனிடமாவது அப்படி ஒரு கை இருக்க, முழுக்கட்டில் தோராயமாக ஐந்துக்கு ஒரு வாய்ப்பு. எங்கள் கட்டில் கிட்டத்தட்ட ஐந்துக்கு இரண்டு. போதாததற்கு எட்டு, ஒன்பது, பத்து என்பது நடுத்தரமான சீக்வென்ஸ்தான். முழுக்கட்டில் அதற்குக் கீழே தோற்க நிறைய சீக்வென்ஸ் உண்டு. எங்கள் கட்டில் கீழே இருந்தவற்றைத்தான் மேஜைக்காலுக்கு வைத்துவிட்டார்களே!

இன்னொன்றையும் அந்தத் தாள் காட்டியது. முழுக்கட்டில் சீக்வென்ஸ் 720, கலர் 1,096. அதனால்தான் சீக்வென்ஸ் பெரியது. எங்கள் கட்டில் சீக்வென்ஸ் 480, கலர் 304. கலர்தான் அபூர்வம்! நாங்கள் வருஷக்கணக்காகத் தலைகீழான வரிசையில் ஆடிக்கொண்டிருந்திருக்கிறோம். ஒருவருக்கும் தோன்றவில்லை. பேராசிரியர் தாளைப் பார்த்துவிட்டு, "கட்டை எண்ணாம சொன்னா அது கணக்கு இல்லப்பா, மனப்பாடம்" என்றார். அவ்வளவுதான். வேறு தண்டனை கிடையாது.

இதோடு கதை முடிந்தது என்று நாற்பது வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். முடியவில்லை.

2019-ல் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒருநாள் அவன் ஒரு போக்கர் போட்டியைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தான். "அப்பா, இது உங்களுக்குப் பிடிக்கும். இதுல ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு கிடையாது" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் மாடிக் கட்டு! மக்காவ், ஹாங்காங் பக்கம் பெரும் பணக்காரர்கள் ஆடிப் பிரபலமான ஆட்டமாம். 'ஷார்ட் டெக்' என்றும் 'சிக்ஸ் ப்ளஸ்' என்றும் சொல்கிறார்கள். லாஸ் வேகாஸில் நடக்கும் உலகப் போக்கர் தொடரிலும் அந்த 2019-ல்தான் இதைச் சேர்த்தார்கள். யோசித்தால் இதுவும் பழைய வழிதான். அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போக்கர் பிறந்தபோது பத்திலிருந்து ஏஸ் வரை இருபதே சீட்டில்தான் ஆடினார்கள். 52 பிறகு வந்தது.

என் மகன் கேட்டான்: "சாதாரண போக்கர்ல ஃபுல் ஹவுஸ், ஃபிளஷ்ஷை ஜெயிக்கும். இதுல ஃபிளஷ், ஃபுல் ஹவுஸை ஜெயிக்குது. ஏன்ப்பா மாத்தினாங்க?"

எனக்கு உடனே பேராசிரியர் ஞாபகம். தாள் கொண்டு வரச் சொன்னேன்.

போக்கரில் ஐந்து சீட்டுதான் ஒரு கை. ஃபிளஷ் என்றால் ஐந்தும் ஒரே இனம். ஃபுல் ஹவுஸ் என்றால் ஒரு எண்ணில் மூன்று, இன்னொன்றில் ஜோடி. ஸ்ட்ரெயிட் என்றால் ஐந்தும் வரிசை. 52 சீட்டில் ஐந்தை எடுக்க 25,98,960 வழி. 36-ல் ஐந்தை எடுக்க 3,76,992 வழி. மாணவர்கள் கையோடு போட்டுப் பாருங்கள்.

36 சீட்டில் ஃபிளஷ்: ஒரு இனத்தில் ஒன்பது சீட்டு. ஒன்பதில் ஐந்தை எடுக்க 126 வழி. நாலு இனம், 504. இதில் வரிசையாகவும் வருகிற ஸ்ட்ரெயிட் ஃபிளஷ் 24. அது தனி வகை, கழித்துவிட்டால் 480.

ஃபுல் ஹவுஸ்: மூன்று வருகிற எண் ஒன்பது விதம், நாலில் மூன்றை எடுக்க நாலு. ஜோடி வருகிற எண் மிச்சம் எட்டு விதம், நாலில் இரண்டை எடுக்க ஆறு. ஒன்பது, நாலு, எட்டு, ஆறு, எல்லாம் பெருக்கினால் 1,728.

480 எங்கே, 1,728 எங்கே! முழுக்கட்டில் ஃபிளஷ் 5,108, ஃபுல் ஹவுஸ் 3,744. அங்கே ஃபுல் ஹவுஸ் அபூர்வம். இங்கே ஃபிளஷ் அபூர்வம். முழுப்பட்டியலையும் போட்டேன். முதல் எண் 52 சீட்டுக்கு, அடுத்தது 36 சீட்டுக்கு.

ஸ்ட்ரெயிட் ஃபிளஷ்: 40; 24
நாலும் ஒரே எண்: 624, 288
ஃபுல் ஹவுஸ்: 3,744, 1,728
ஃபிளஷ்: 5,108, 480
ஸ்ட்ரெயிட்: 10,200, 6,120
மூன்று ஒரே எண்: 54,912, 16,128
இரண்டு ஜோடி: 1,23,552, 36,288
ஒரு ஜோடி: 10,98,240, 1,93,536
ஒன்றும் இல்லை: 13,02,540, 1,22,400

ஏன் இப்படி? மொத்தக் கைகள் ஏறத்தாழ ஏழில் ஒன்றாகக் குறைந்தன. ஆனால் எல்லாம் ஒரே அளவில் குறையவில்லை. எண்ணுக்கு நாலு சீட்டு என்பது அப்படியே இருக்கிறது. அதனால் ஜோடி, மூன்று, நாலு சேர்வது லேசாகிவிட்டது. இனத்துக்குப் பதிமூன்று என்பது ஒன்பதாகிவிட்டது. பதிமூன்றில் ஐந்தை எடுக்க 1,287 வழி, ஒன்பதில் எடுக்க 126-தான். பத்தில் ஒரு பங்கு! அடி முழுவதும் ஃபிளஷ் மேல் விழுந்தது.

பட்டியலின் கடைசி இரண்டு வரியைப் பாருங்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். முழுக்கட்டில் பாதிக் கைகள் ஒன்றும் இல்லாதவை. சின்னக் கட்டில் ஒன்றும் இல்லாதவை மூன்றில் ஒரு பங்குதான். பாதிக்கு மேல் ஒரு ஜோடி! ஒன்றுமில்லாமல் இருப்பது ஜோடி இருப்பதைவிட அபூர்வம். எண்ணிக்கைப்படிதான் வரிசை என்றால், வெறும் கைதான் ஜோடியை ஜெயிக்க வேண்டும். விதி செய்தவர்கள் அந்த அளவுக்குப் போகவில்லை. நம் மூணு சீட்டிலும் இப்படி ஒன்று உண்டு. 52 சீட்டில் மூன்றும் ஒன்று 52 வழி, ப்யூர் சீக்வென்ஸ் 48 வழிதான். ஆனாலும் மூன்றும் ஒன்றுதான் உச்சம். விதி என்பது பாதி கணக்கு, பாதி வழக்கம்.

மகனிடம் பெருமையாகத் தாளைக் காட்டினேன். அவன் படித்துவிட்டு, "சரிப்பா, ஆனா சில மேஜைகள்ல மூணு ஒண்ணு, ஸ்ட்ரெயிட்டை ஜெயிக்கும்னு வச்சிருக்காங்களே, அது ஏன்?" என்றான்.

நான் பட்டியலைத் தட்டிக் காட்டினேன். "தப்புடா. ஸ்ட்ரெயிட் 6,120, மூணு ஒண்ணு 16,128. ஸ்ட்ரெயிட்தான் அபூர்வம். விதி போட்டவனுக்குக் கணக்குத் தெரியல."

அவன் சிரித்தான். "அப்பா, இதுல ஆளுக்கு ரெண்டு சீட்டு, பொதுவா அஞ்சு சீட்டு. ஏழுல சிறந்த அஞ்சைத்தான் எடுப்பாங்க. நீங்க ஏழுக்கு எண்ணிப் பாத்தீங்களா?"

நண்பர்களே, பேராசிரியர் சொன்ன அதே வார்த்தை. நாற்பது வருஷம் கழித்து, என் பிள்ளை வாயிலிருந்து. அப்போது எனக்கு அறுபது வயது. காப்பீட்டுத் துறையில் புள்ளியியல் வேலையே பார்த்து ஓய்வுபெற்றவன். அதே பள்ளத்தில் மறுபடி விழுந்தேன். அன்றைக்குக் கட்டு மாறியதை மறந்தேன். இன்றைக்குக் கட்டைச் சரியாக எண்ணிவிட்டு, கையில் எத்தனை சீட்டு என்பதை மறந்தேன்.

மூன்று நாள் எடுத்துக்கொண்டு ஏழுக்கு எண்ணினேன். 36-ல் ஏழை எடுக்க 83,47,680 வழி. அதில் ஸ்ட்ரெயிட் 11,69,940. மூன்று ஒன்று 6,07,200. தலைகீழாகிவிட்டது! ஸ்ட்ரெயிட் நூற்றுக்குப் பதினாலு, மூன்று ஒன்று ஏழு சொச்சம். மகன் கம்ப்யூட்டரில் 83 லட்சம் கையையும் ஓடவிட்டு ஒத்துப்பார்த்தான். ஒரு கைகூட வித்தியாசம் இல்லை. அதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

ஏன் தலைகீழானது என்பதையும் சொல்லிவிடுகிறேன், மாணவர்கள் கேட்பீர்கள். மொத்தம் ஒன்பது எண். ஐந்து வேறு வேறு எண்ணைத் தேர்ந்தெடுக்க 126 வழி, அதில் வரிசையாக அமைவது 6-தான். ஆறு எண்ணை எடுக்க 84 வழி, அதில் ஏதோ ஓர் ஐந்து வரிசையாக இருப்பது 19. ஏழு எண்ணை எடுக்க 36 வழி, அதில் 21! பாதிக்கு மேல். சீட்டு கூடக் கூட வரிசை தானாக வந்து விழுகிறது. மூன்று ஒன்றுக்கு நேர்மாறு. கூடுதலாக வருகிற சீட்டு அதை ஃபுல் ஹவுஸாகவோ நாலு ஒன்றாகவோ மாற்றி மேல் வகுப்புக்கு அனுப்பிவிடுகிறது. ஆகவே ஏழு சீட்டுக்கு அந்த விதிதான் சரி. விதி போட்டவருக்குக் கணக்குத் தெரிந்திருந்தது. தெரியாதவன் நான்.

ஆடுகிறவர்களும் இதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். பொதுச் சீட்டு மூன்று திறந்தாகிவிட்டது, உங்களிடம் வரிசையாக நாலு இருக்கிறது, இரண்டு பக்கமும் திறந்திருக்கிறது என்று வையுங்கள். எட்டுச் சீட்டில் எது வந்தாலும் ஸ்ட்ரெயிட். இன்னும் இரண்டு சீட்டு வர வேண்டும். முழுக்கட்டில் தெரியாத சீட்டு 47, வாய்ப்பு நூற்றுக்கு 31. சின்னக் கட்டில் தெரியாதது 31-தான், வாய்ப்பு நூற்றுக்கு 46. ஃபிளஷ்ஷுக்கு நாலு இருந்தால்? முழுக்கட்டில் ஒன்பது சீட்டு உதவும், நூற்றுக்கு 35. சின்னக் கட்டில் ஐந்துதான் உதவும், நூற்றுக்கு 30. ஒன்று ஏறுகிறது, ஒன்று இறங்குகிறது. முழுக்கட்டில் பத்து வருஷம் பழகியவனின் கைப்பழக்கமே இங்கே அவனுக்கு எதிரி.

இதை வைத்து யாரும் சீட்டாடப் போய்விடாதீர்கள். பணம் வைத்து ஆன்லைனில் ஆடிய ரம்மியில் நம் ஊரில் எத்தனை குடும்பம் போயிற்று என்று உங்களுக்கே தெரியும். 2022-ல் நம் மாநிலம் சட்டம் போட்டது, 2025-ல் நாடாளுமன்றமும் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் போட்டது. சட்டம் இருக்கட்டும். நாற்பத்தைந்து ரூபாயை எடுத்து வைத்தபோது என் நண்பனின் விரல் நடுங்கியதே, அதைப் பார்த்த பிறகு நான் ஒரு பைசா வைத்து ஆடியதில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. நீங்கள் இங்கே படிக்கிற சூத்திரங்கள் எல்லாம் சரியானவை. 22,100-ல் 820 என்பதும் சரிதான். அது தப்பாகவே ஆகாது. அது எந்தக் கட்டுக்குச் சரி என்பதுதான் கேள்வி. காப்பீட்டில் இறப்பு விகித அட்டவணை என்று ஒன்று வைத்திருப்போம். எந்த வயதில் ஆயிரத்துக்கு எத்தனை பேர் என்று. போன தலைமுறையின் அட்டவணையை இந்தத் தலைமுறைக்குப் போட முடியாது. மனிதர்களின் ஆயுள் கூடிவிட்டது, கட்டு மாறிவிட்டது. அதனால்தான் மறுபடி மறுபடி எண்ணித் திருத்துகிறார்கள். வேலையில் சேர்ந்த புதிதில் இதைக் கேட்டபோது, மற்றவர்கள் குறிப்பெடுத்தார்கள். நான் மட்டும் கடிகாரம் இல்லாத என் கையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

நாளைக்கு நீங்கள் வேலைக்குப் போவீர்கள். கம்ப்யூட்டர் ஒரு எண்ணைக் கொடுக்கும். மேலதிகாரி ஒரு பழைய அட்டவணையைக் கொடுப்பார். நம்பிக்கையோடு ஒருவன் காதில் வந்து, "நூற்றுக்கு நாலுகூட இல்லை, ஏத்து" என்பான். அவனிடம் மரியாதையாகக் கேளுங்கள்: கட்டில் எத்தனை, கையில் எத்தனை? நீங்களே அவனாக இருந்தால் இன்னும் ஜாக்கிரதை. ஏனென்றால் கணக்கு போடுகிறவன் பெரும்பாலும் தன் பணத்தை வைப்பதில்லை. பின்னால் நிற்கிறான். வைப்பவன் வேறொருவன்.

முடிக்கிறேன். ஏழு சீட்டுக் கணக்கு ஒத்துவந்த அன்று ராத்திரி, சிங்கப்பூரிலிருந்து என் அறைத்தோழனுக்குப் போன் போட்டேன். கணித ஆசிரியராக இருந்து தலைமையாசிரியராக ஓய்வுபெற்றவன். நாற்பது வருஷத்தில் அந்த ராத்திரியைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. 36-ல் மூன்று, 36-ல் ஐந்து, 36-ல் ஏழு என்று எல்லாவற்றையும் சொல்லி, கடைசியில், "அன்னைக்கு நான் சொன்ன கணக்கு தப்புடா. மன்னிச்சுக்கோ" என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னான்: "எனக்கு அப்பவே தெரியும்டா. கட்டைக் கலைச்சவனே நான்தானே. முப்பத்தாறுதான்னு தெரியும். நீ சொன்னா சரியா இருக்கும்னு வச்சேன்."

நண்பர்களே, அந்த நாற்பத்தைந்து ரூபாயைவிட இந்த வார்த்தைதான் எனக்குக் கனமாக இருக்கிறது. எண்ணத் தெரிந்தவன் ஒருவன், தான் எண்ணாமல், என்னை நம்பினான்.

அதனால் மாணவச் செல்வங்களே, நான் இன்றைக்குச் சொன்ன எண்களையும் நம்பிவிடாதீர்கள். ராத்திரி விடுதிக்குப் போய் ஒரு தாளை எடுத்து எண்ணிப் பாருங்கள். தப்பு இருந்தால் சங்க அலுவலகத்துக்கு ஒரு கார்டு போடுங்கள்.

கடிகாரம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இதோ என் கையில் இருக்கிறதே, இது அவன் தன் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்தது. இப்போது அது இருபத்தைந்து நிமிஷம் ஆகிவிட்டது என்று காட்டுகிறது. செயலாளர் எனக்குக் கொடுத்தது இருபதுதான். அதையும் நான் எண்ணவில்லை!